லேப்டாப்பில் வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியவை

பொதுத்துறை வங்கி வேலைகளுக்கான ஐபிபிஎஸ் தேர்வுக்கு லேப்டாப்பில் படிக்கத் தொடங்கும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் புத்தகம் வாங்கினீர்கள் என்பதல்ல. கரண்ட் போனால் உங்கள் லேப்டாப் எவ்வளவு நேரம் தாங்கும் என்றுதான் கேட்பேன். பலருக்குத் தெரிவதில்லை. கோச்சிங் போகாமல் வீட்டிலேயே படித்து வங்கி எழுத்தர் வேலைக்கு வந்தவன் நான். என் படிப்பு முழுக்க ஒரு பழைய லேப்டாப்பில்தான் நடந்தது. அது பாதியில் நிற்காமல் ஓடியதற்குக் காரணம், பவர் செட்டிங்ஸை என் படிப்புக்கு ஏற்றபடி மாற்றி வைத்ததுதான்.

முதலில் பேட்டரியின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டை (கட்டளைகளை டைப் செய்யும் கறுப்புத் திரை) திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றெழுத்தையும் ஒட்டி அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்வுக் கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்பதை இடைவெளியில்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகும், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் அங்கேயே காட்டும். அதில் இரண்டு எண்கள் போதும்: டிசைன் கபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கபாசிட்டி. முதலாவது புதிதாக இருந்தபோது பேட்டரி கொண்ட அளவு, இரண்டாவது இன்று கொள்ளும் அளவு. உதாரணத்துக்கு, 42 வாட்-அவர் பேட்டரி இன்று 30 மட்டும் கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சத்தைக் குறைத்து பிடிஎஃப் படிக்கும்போது லேப்டாப் 7, 8 வாட் இழுத்தால் ஏறக்குறைய 4 மணி நேரம் கிடைக்கும். முழு வெளிச்சத்தில் வீடியோ ஓடவிட்டு 15 வாட் இழுத்தால் 2 மணி நேரம்தான். டாஸ்க்பாரில் தெரியும் சதவீதத்தை விட இந்தக் கணக்குதான் நம்பகமானது.

அடுத்தது ஸ்லீப், ஹைபர்னேட் வித்தியாசம். இதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம். ஸ்லீப்பில் போட்டால் நீங்கள் திறந்து வைத்தவை எல்லாம் ராமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், இருக்கும். ராமுக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் பேட்டரி மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். பேட்டரி மொத்தமாகத் தீர்ந்தால் சேமிக்காதது போய்விடும். ஹைபர்னேட்டில் அதே விஷயங்கள் டிஸ்கில் எழுதப்பட்டு, இயந்திரம் முழுதாக அணைந்துவிடும். எத்தனை மணி நேரம் கழித்துத் திறந்தாலும் விட்ட பக்கத்திலிருந்தே தொடரலாம். பத்து நிமிடம் டீ குடிக்கப் போனால் ஸ்லீப் போதும். நூலகத்துக்குப் பையில் எடுத்துப் போவதாக இருந்தால் ஹைபர்னேட்தான். இப்போது வரும் பல லேப்டாப்கள் ஸ்லீப்பில் இருக்கும்போதே பின்னணியில் வேலை செய்கின்றன. அதனால்தான் பையிலிருந்து எடுக்கும்போது லேப்டாப் சூடாகவும் சார்ஜ் குறைந்தும் இருக்கிறது.

ஸ்டார்ட் மெனுவில் உள்ள பவர் பட்டனை அழுத்தினால் வரும் பட்டியலில் ஹைபர்னேட் பல லேப்டாப்களில் தெரியாது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் பக்கத்தைத் திறந்து, மங்கலாக இருக்கும் வரிகளை மாற்ற அனுமதி கொடுத்தால் ஹைபர்னேட்டுக்கு டிக் போடலாம். மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் அங்கேயே வைக்கலாம். பேட்டரியில் ஓடும்போது ஹைபர்னேட், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் என்று நான் வைத்திருந்தேன். கூடவே அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்து, சார்ஜ் 'க்ரிட்டிகல்' (மிகக் குறைந்த) நிலைக்கு இறங்கினால் ஹைபர்னேட் ஆகும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பேட்டரி என்றால் 10 சதவீதம் காட்டும்போதே லேப்டாப் சட்டென்று அணைந்துவிடலாம். அதனால் அந்த அளவை 5-லிருந்து 12 போல உயர்த்தி வைப்பது நல்லது.

இனி, தேர்வுக்குப் படிப்பவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். ரீசனிங் பஸிலையோ டேட்டா இன்டர்ப்ரெடேஷனையோ (அட்டவணை, வரைபடம் பார்த்துப் போடும் கணக்கு) தாளில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். கை லேப்டாப்பில் இருக்காது. ஆள் இல்லை என்று நினைத்து அது முதலில் திரையை அணைக்கும், அப்புறம் ஸ்லீப்புக்குப் போகும். வீடியோ பார்க்கும்போது இப்படி நடப்பதில்லை. கணக்குப் போடும்போதுதான் நடக்கும், அதுவும் மாக் டெஸ்ட் எனும் ஆன்லைன் மாதிரித் தேர்வின் நடுவில். பல தளங்களில் லேப்டாப் தூங்கினாலும் டெஸ்ட்டின் நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல்நிலைத் தேர்வான ப்ரிலிம்ஸ் என்பது 60 நிமிடத்தில் 100 கேள்வி, ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம். அதில் திரையை எழுப்பி, பாஸ்வேர்டு போட்டு, இணையம் திரும்ப இணையும் வரை காத்திருந்தால் ஒரு பஸிலே கைவிட்டுப் போகும். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதியில் சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் வேண்டாம் என்று 'நெவர்' வையுங்கள். பேட்டரியில் இருக்கும்போது திரைக்கு 15 நிமிடம், ஸ்லீப்புக்கு 30 நிமிடம் கொடுங்கள். விண்டோஸ் அப்டேட்டில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று இருக்கும். அதில் நீங்கள் படிக்கும் நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

பேட்டரியை அதிகம் தின்பவற்றில் முதலிடம் திரையின் வெளிச்சத்துக்குத்தான். பகலில் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பிப் போட்டாலே பாதி வெளிச்சத்தில் படிக்க முடியும். டார்க் மோட் போட்டால் சார்ஜ் மிச்சம் என்பார்கள். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைக்கு அது சரி, சாதாரண எல்சிடி திரையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிச்சமாகாது.

எங்கள் பக்கம் மாதம் ஒருமுறை துணை மின் நிலையப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மாலை 5 மணிவரைகூட வராது. முந்தைய நாள் செய்தித்தாளில் போட்டுவிடுவார்கள். அந்த நாளை வீணாக்க வேண்டியதில்லை. முதல் நாள் இரவே பார்க்க வேண்டிய வகுப்புகளை 480பி தரத்தில் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். கரும்பலகையில் எழுதுவது தெரிய அது போதும். பேட்டரியைக் காக்க 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி வைத்திருந்தால், அன்று இரவு மட்டும் அதை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றுங்கள். காலையில் கரண்ட் போனதும் முதல் வேலை மாக் டெஸ்ட், ஏனென்றால் இணையம் வேண்டிய வேலை அது ஒன்றுதான். மோடமும் கரண்டோடு போய்விடும் என்பதால் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் எழுத வேண்டும். போனை யுஎஸ்பி ஒயரில் இணைத்தால் அது லேப்டாப்பிலிருந்தே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், அதனால் வைஃபை வழியே இணையுங்கள். டெஸ்ட் முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு, டவுன்லோட் செய்த வகுப்புகள். மதியத்துக்கு மேல் மூடியை மூடிவிட்டுத் தாளில் கணக்குப் பயிற்சி. தப்பான கேள்விகளை டெஸ்ட் முடிந்த கையோடு நோட்டில் குறித்துக்கொண்டால், மதியம் லேப்டாப் இல்லாமலே அவற்றைப் போட்டுப் பார்க்கலாம்.

அந்த 80 சதவீத வரம்பு எல்லா லேப்டாப்பிலும் ஒரே இடத்தில் இருக்காது. கம்பெனியின் சொந்த ஆப்பிலோ பயாஸிலோ (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) இருக்கும். நாள் முழுக்கச் சார்ஜரில் போட்டபடி படிப்பவர்களுக்கு இது மிக முக்கியம். லித்தியம் அயன் பேட்டரி எப்போதும் 100-லேயே நிற்பதும் சூடாவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். மே மாத வெயிலில் தலையணை மேலோ மெத்தை மேலோ வைத்துப் படிக்காதீர்கள், அடியில் காற்று போகும் துளைகள் அடைபட்டுவிடும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிப்பக்கம் உப்பி மேசையில் ஆடினாலோ, பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தேர்வு நெருங்குகிறது, இன்னும் ஒரு வாரம் ஓட்டிவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

இன்னொன்று. தேர்வு மையத்தில் இருப்பது டெஸ்க்டாப். அங்கே விடைகளை மவுஸால்தான் தேர்வு செய்ய வேண்டும். டச்பேடிலேயே பழகியவர்கள் அங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். சாதாரண ஒயர் மவுஸ் ஒன்று வாங்கி, மாக் டெஸ்ட் எல்லாவற்றையும் அதில்தான் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஓ (வங்கி அதிகாரி) பதவிக்கான முதன்மைத் தேர்வான மெயின்ஸ் எழுதுபவர்களுக்கு ஆங்கில விரிவான விடையை டைப் செய்ய வேண்டியிருப்பதால், தனி கீபோர்டும் ஒன்று இருந்தால் நல்லது.