ரெக்கார்டு விற்கக் கார்த்திகை வரை பொறுங்கள்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் பரணில் கிடக்கும் எல்பியும் கேசட்டும் வெளியே வருவது பெரும்பாலும் வீடு வெள்ளையடிக்கும்போதுதான், அதாவது நல்ல சித்திரை வெயிலில். அன்றைக்கே போட்டோ எடுத்து நெட்டில் போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். அந்த மாதங்களில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும். மூடிக்கிடக்கும் பார்சல் வண்டிக்குள் சூடு இன்னும் ஏறும். எல்பியும் இபியும் செய்யும் வினைல் பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும், சென்னைக்காரர் கைக்குத் தட்டு அப்பளமாகத்தான் போய்ச் சேரும். ஜூன் பிறந்தால் வேறு தொல்லை: ஈரத்தை அட்டை உறை குடித்து ஊதும், பூஞ்சை பிடிக்கும். கார்த்திகையில் கணவாய்க் காற்று வறண்டு வீச ஆரம்பிக்கும். அங்கிருந்து மாசி வரைக்கும்தான் இங்கே பார்சல் காலம். அதற்குள் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் பிரியுங்கள். 12 அங்குல எல்பி, 7 அங்குல இபி, 10 அங்குல அரக்குத் தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் 78 ரெக்கார்டு), கேசட், சிடி எல்லாம் தனித்தனிக் குவியல். அரக்குத் தட்டையும் வினைலையும் குழப்பிக்கொள்ளவே கூடாது, ஏனென்றால் கழுவும் முறையே வேறு. 78 தட்டு கனமாக, விறைப்பாக இருக்கும், விரலால் சுண்டினால் ஓடு மாதிரி ஒலிக்கும், கீழே போட்டால் ஓடு மாதிரியே உடையும்.

வினைலுக்கு: 800 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 200 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடையில் கிடைக்கும். போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு வரிப்பள்ளத்திலேயே தங்கிவிடும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து வரியின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே இழுக்காதீர்கள். நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு தடவை அலசி, தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் நிழலில் நிறுத்துங்கள். ஜன்னலைச் சாத்திவிடுங்கள், மார்கழிக் காற்று கொண்டுவரும் மண் ஈரத் தட்டில் ஒட்டினால் மறுபடி முதலிலிருந்து. 78 தட்டில் ஆல்கஹால் ஒரு துளிகூடப் படக்கூடாது: அரக்கு கரைந்துவிடும். சோப்பு கலந்த டிஸ்டில்டு வாட்டரால் சட்டென்று துடைத்து, சட்டென்று உலர்த்த வேண்டும், ஊற வைக்கக்கூடாது. பூஞ்சை இருந்தால் வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்ட பிறகே தண்ணீர்.

அந்துருண்டை போட்டு வைத்திருந்த அலமாரி என்றால், அட்டைகளை இரண்டு வாரம் நிழல் காற்றில் நிறுத்துங்கள். அந்த வாசனை பாட்டுப் பிரியர்களுக்கு ஆகாது.

அடுத்து நிலை எழுதுவது. விலையைத் தீர்மானிப்பது இதுதான், அவசரப்படக்கூடாது. வாங்குகிறவர் தட்டைப் பார்க்கப்போவதில்லை, நீங்கள் எழுதும் நான்கு வரியைத்தான் நம்புகிறார். சேகரிப்பவர்கள் பழக்கத்தில் வைத்திருப்பது கோல்ட்மைன் என்ற அமெரிக்க ரெக்கார்டு பத்திரிகையின் தரவரிசை, மேலிருந்து கீழாக: மின்ட், நியர் மின்ட், வி.ஜி. (வெரி குட்) பிளஸ், வி.ஜி., குட், பூர். இதில் ‘குட்’ என்று போட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. நிறையத் தேய்ந்தது, கரகரக்கும், ஆனாலும் ஓடும் என்று அர்த்தம். ‘குட் கண்டிஷன்’ என்று நல்லெண்ணத்தில் எழுதிவிட்டு, வாங்குகிறவர் சொல்லும் அடிமாட்டு விலையைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

தட்டை விளிம்பிலும் நடுவிலும் மட்டும் தாங்கி, ஒற்றை பல்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டியூப்லைட் பரவலான வெளிச்சம், கீறலை மறைத்துவிடும். தலைமுடி போன்ற கோட்டின் மேல் விரல் நுனியை ஓட்டுங்கள்; தட்டுப்படவில்லை என்றால் பெரும்பாலும் சத்தம் வராது. தட்டுப்பட்டால் ‘டக்’ கேட்கும். 33⅓ வேகத்தில் 1.8 விநாடிக்கு ஒரு தரம், 78இல் 0.77 விநாடிக்கு ஒரு தரம். அந்த ‘டக்’ எந்தப் பாட்டில் எவ்வளவு நேரம் வருகிறது என்று எழுதிவிடுங்கள். கீறல் இல்லாமலேயே வரிகள் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருந்தால், கனமான முள்ளோ தேய்ந்த முள்ளோ ஓடி வரியைத் தின்றிருக்கிறது. மைக் செட் கடையிலிருந்து வந்த தட்டுகள் அநேகமாக இப்படித்தான், லேபிளில் கடையின் ரப்பர் ஸ்டாம்ப்பும் இருக்கும். பார்வைக்குப் பளிச்சென்று இருந்தாலும் உச்சஸ்தாயியில் குரல் கிழியும். ஓட்டிப் பார்க்காமல் வி.ஜி.க்கு மேல் போடாதீர்கள். 78 தட்டை எல்பி முள்ளில் ஓட்டிச் சோதிக்க வேண்டாம்: அந்த அகலமான வரியின் அடியில் எல்பி முள் கிடந்து அலையும், நல்ல தட்டும் கெட்டதாகக் கேட்கும்.

அட்டைக்குத் தனி மதிப்பு. முதுகு கிழிசல், பேனாவில் எழுதிய பெயர், கரையான் அரித்த மூலை எல்லாவற்றுக்கும் போட்டோ வேண்டும்.

இனி எண். லேபிளில் இருக்கும் அட்டவணை எண், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை உள்ள வெற்றுப் பட்டையில் பொறித்திருக்கும் எண், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டையில் இருப்பது டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் தெரியும். எச்.எம்.வி. எல்பியில் ‘ஈ.சி.எல்.பி.’ என்று தொடங்கினால் மோனோ, ‘ஈ.சி.எஸ்.டி.’ என்றால் ஸ்டீரியோ. டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டு விற்பனை இணையதளத்தில் இந்த எண்ணைத் தேடினால் உங்கள் பதிப்பு எது என்று தெரியும். அங்கே ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். என்ன விலைக்கு விற்றது என்ற பட்டியல் தனியாக இருக்கிறது, அதைப் பாருங்கள். உங்கள் விளம்பரத்தில் பாடகர், இசையமைப்பாளர் பெயரை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகப் போடுங்கள், இளையராஜாவையே நாலு விதமாகத் தேடுகிறார்கள். நம் பக்கத்துக் குவியல்களில் மலையாளத் தட்டும் கலந்திருக்கும். யேசுதாஸின் தரங்கிணி கம்பெனி வெளியிட்டவை மாதிரியானவற்றுக்கு மலையாளத்திலும் ஒரு வரி சேர்த்தால் கொச்சியிலிருந்து ஆள் வரும்.

விலையில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. வீட்டில் பொக்கிஷமாக வைத்திருந்தது அநேகமாக எல்லா வீட்டிலும் இருந்திருக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963 சுப்ரபாதம் அப்படி. எம்.எஸ். விஸ்வநாதன் எலப்புள்ளியில் பிறந்தவர் என்பதால் அவர் தட்டுக்கு இங்கே பாசம் அதிகம், அதற்காக யாரும் காசு கூட்டிக் கொடுப்பதில்லை. சினிமா கதை வசனத் தொகுப்பில் ஒரு தட்டு குறைந்தால் மற்றவையும் கிட்டத்தட்ட சும்மாதான். நல்ல நிலையில் உள்ள செம்பை, எம்.டி. ராமநாதன் போன்ற கர்நாடக சங்கீத வித்வான்களின் எல்பிகளைத் தனித்தனியே போடுங்கள், பக்திப் பாட்டு இபிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி ஒரே விலைக்குத் தள்ளுங்கள்.

கேசட்டில் இரண்டைப் பாருங்கள்: நாடாவை அழுத்தும் குட்டிப் பஞ்சு விழுந்திருக்கிறதா, நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை இருக்கிறதா. பூஞ்சை இருந்தால் ஓட்டவே கூடாது, பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தாவும். ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கியதை விற்பனைக்கு வைக்காதீர்கள், அது உரிமை இல்லாத நகல்.

பேக்கிங். தட்டை அட்டையிலிருந்து எடுத்து, உள்ளுறையோடு அட்டைக்குப் பின்னால் வையுங்கள். உள்ளேயே விட்டால் வண்டி குலுங்கும்போது தட்டின் விளிம்பு அட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இரண்டையும் சேர்த்து பாலிதீன் உறையில் போட்டு, 13 அங்குலச் சதுரமாக வெட்டிய நெளி அட்டை இரண்டுக்கு நடுவே வையுங்கள். ஒரு அட்டையின் நெளி நெடுக்கே, மற்றதின் நெளி குறுக்கே இருக்கட்டும், அப்போதுதான் மடங்காது. மேலே பபிள் ரேப், பிறகு பெட்டி. குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக்கூடாது. ஒரு பெட்டிக்கு 5 எல்பி போதும், தட்டும் உறையும் மட்டுமே ஒன்றேகால் கிலோ வாக்கில் வரும். 78 தட்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவே அட்டை, பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் இடையே நாலு பக்கமும் 5 சென்டிமீட்டர் கசக்கிய காகிதம். மேலே ‘உடையும் பொருள்’ என்று எழுதுங்கள், ஆனால் அதை நம்பிப் பேக் செய்யாதீர்கள். 100 வயதைத் தாண்டிய தட்டு கையில் இருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தை விசாரியுங்கள்.

பணம் வந்து சேர்ந்த பிறகுதான் பெட்டியை ஒட்ட வேண்டும். பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்பவரை அங்கேயே பிளாக் செய்யுங்கள். யுபிஐயில் பின் நம்பர் கேட்பது பணம் கொடுக்க மட்டுமே, வாங்குவதற்கு இல்லை. உள்நாட்டு ஆள் பேபாலில் அனுப்புகிறேன் என்றாலும் சந்தேகப்படுங்கள், இந்தியாவுக்குள்ளேயே பணம் மாற்றும் சேவையை அவர்கள் 2021 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். பெட்டியை மூடும்போது தட்டின் இரு பக்கத்தையும் ஒட்டிய டேப்பையும் ஒரே வீடியோவில் எடுத்து, பார்சல் போய்ச் சேரும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.