எஸ்கம்: ரோமானியர் கற்களில் எழுந்த பங்குக் கோயில்

இங்கிலாந்தின் வடகிழக்கே செல்பவர்கள் டர்ஹம் பேராலயத்தோடு திரும்பிவிடுவது பெரும் இழப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறவியும் ஆயருமான புனித கத்பர்ட், துறவியும் வரலாற்றாசிரியருமான புனித பீட் இருவரின் கல்லறைகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அவர்கள் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டின் சுவரைத் தொட்டுப் பார்க்க விரும்புபவர்கள் பிஷப் ஆக்லண்டு வழியாக எஸ்கம் என்னும் சிற்றூரில் உள்ள பழைய கிறிஸ்தவக் கோயிலுக்குச் செல்ல வேண்டும்.

பிஷப் ஆக்லண்டில் வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவர், நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்குப் பதினைந்து பவுண்டு கேட்டார். மீட்டர் போடச் சொன்னால், ஊர் எல்லையைத் தாண்டினால் மீட்டர் கிடையாது என்றார். கொட்டும் மழையில் வேறு வண்டியும் இல்லாததால் கொடுக்க வேண்டியதாயிற்று. எண்ணியெண்ணிச் செலவழிக்கும் பயணிக்கு அது ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. இது பகற்கொள்ளை அன்றி வேறில்லை. திரும்பும்போது மழை விட்டிருந்தது, நடந்தே வந்தேன்.

ஆனால் எஸ்கம் கோயிலுக்குள் நுழையக் கட்டணமே இல்லை. வட்டமான கல்லறைத் தோட்டத்தின் நடுவில், சுமார் 675இல் கட்டப்பட்ட அந்த ஆலயம் உயர்ந்தும் குறுகியும் நிற்கிறது. அருகே பின்செஸ்டரில் பாழடைந்து கிடந்த ரோமானியக் கோட்டையின் கற்களைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். ரோமானியரின் ஆறாம் படையணியின் பெயர் பொறித்த கல் ஒன்று தலைகீழாகப் பதிந்திருக்கிறது. அடுக்கியவர்களுக்கு வேண்டியது கல்தான், அதிலிருந்த எழுத்து அல்ல. திருப்பீடப் பகுதிக்குச் செல்லும் நெடிய வளைவும் ரோமானியக் கட்டடத்திலிருந்து பெயர்த்து நிறுத்தப்பட்டதாகவே கருதப்படுகிறது. அதன் கீழ் நின்றபோது நெஞ்சு நிறைந்துபோனது. தெற்குச் சுவரில், பாம்பு உருவம் சூழ்ந்த சூரியக் கடிகாரம் இன்றும் இருக்கிறது. 1863இல் மேட்டில் புதிய கோயில் கட்டிய பிறகு இதைக் கைவிட்டுக் கூரை இடியும் நிலைக்கு விட்டார்கள் என்பதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. நல்லவேளையாக 1875க்கும் 1880க்கும் இடையில் செப்பனிட்டார்கள்.

இதோடு, பீட் துறவியாக வாழ்ந்த மடத்தைச் சேர்ந்த, ஜாரோ என்னும் ஊரின் புனித பவுல் ஆலயத்தையும் பார்த்துவிட வேண்டும். 685 ஏப்ரல் 23 அன்று அது பிரதிஷ்டை செய்யப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. அகழாய்வில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சிறு சாளரம் ஒன்றில் பொருத்தியிருக்கிறார்கள். பிரதிஷ்டைக்கு அடுத்த ஆண்டே பரவிய கொள்ளைநோயில் பாடத் தெரிந்த துறவியர் அனைவரும் மாண்டுபோக, மடாதிபதி கியோல்ஃப்ரித் துயரத்தில் வழிபாட்டுப் பாடல்களைக் குறைத்தார் என்றும், ஒரு வாரத்துக்குமேல் அதைத் தாங்க முடியாமல், எஞ்சிய ஒரு சிறுவனோடு சேர்ந்து முழுமையாகவே பாடத் தொடங்கினார் என்றும் அக்கால வரலாறு கூறுகிறது. அந்தச் சிறுவன் பீட்தான் என்று பலரும் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன்.

ஜாரோ செல்ல வாடகைக்காரே தேவையில்லை. நியூகாசிலிலிருந்து மெட்ரோவில் ஏறி, பீட் என்றே பெயர் கொண்ட நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் போதும். இரண்டுமே இன்றும் வழிபாடு நடக்கும் ஆலயங்கள். ஆதலால் ஞாயிறு காலையைத் தவிர்த்து வார நாளில் செல்லுங்கள்.