மூன்று மைல்

என் தாத்தா கீழ்வாய் இலக்கத்தை, அதாவது ஒன்றுக்குக் குறைந்த பின்னங்களின் பழைய பெயர்களை, தாலாட்டு மாதிரி சொல்லுவார். முந்திரி, காணி, மா, வீசம். ஒன்றை 320 கூறு போட்டால் அதில் ஒரு கூறு முந்திரி. அவர் மடியில் உட்கார்ந்து நானும் கூடவே சொல்லுவேன். எங்களுடையது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர்.

1961-ல் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்தொன்பது வயது. தாத்தா தந்த கணக்கு எதையும் வகுப்பில் சொல்லித்தர வழியில்லை. 1957-லேயே நயா பைசா வந்துவிட்டது. ஆனால் ஊருக்குள் அணாதான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒரு காசும் வீட்டில் ஒரு காசுமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ரூபாய்க்கு 16 அணா, 100 நயா பைசா. அப்படியென்றால் ஓரணாவுக்கு ஆறேகால் காசு. கால் காசுக்கு எங்கே போவது? அதனால் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. இதைக் கரும்பலகையில் எழுதிய அன்று நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், ஓரணா ஓரணாவா மூணு தடவை வாங்குனா 18 காசுதான ஆகும்?"

அரசாங்கமே போட்ட பட்டியலில் அந்தப் பிள்ளை ஒரு காசைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஆமாம்மா, 18தான்" என்றேன். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் பேரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் மறக்கவில்லை.

பிறகு எடையும் மாறியது. வீசை, சேர், பலம் போய்க் கிலோ வந்தது. ஒரு வீசை என்பது ஏறக்குறைய 1400 கிராம். பெரும்பாலான தாய்மார்கள் கிலோ என்பது வீசைக்கு வந்த புதுப்பேர் என்றே நினைத்துக்கொண்டார்கள். வீசை விலையை வாங்கிக்கொண்டு கிலோ கல்லைத் தட்டில் வைக்கும் கடைகளும் இருந்தன. காசைக் கண்டுபிடித்த அந்தப் பிள்ளை அம்மாவோடு கடைக்குப் போனவள், புளி நிறுத்ததைப் பார்த்து, "கிலோவுக்கு வீசை விலையா?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் அந்தம்மா மடி நிறைய நிலக்கடலையோடு பள்ளிக்கு வந்தார். "எம்புள்ள கணக்குல பொழச்சுக்கிருவா டீச்சரம்மா." எனக்கு அழுகை வந்தது.

மதியச் சாப்பாட்டுக்காக வந்த பிள்ளைதான் அவள். சாப்பாடு ஒன்றுக்கு 10 காசு, அரசு 6, ஊரார் 4. அந்தப் பத்துக் காசு இல்லையென்றால் அவள் ஒண்ணாப்பிலேயே ஆடு மேய்க்கப் போயிருப்பாள். இன்றைக்கும் அதை நினைத்துக் காமராஜரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்தது. அவளை ஆறாம் வகுப்புக்கு அனுப்பச் சொல்லி அவள் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். அவள் அப்பா திண்ணையில் துண்டு விரித்து உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், மரியாதைக்குக் குறைவில்லை. "பொம்பளப் புள்ளய எப்படிம்மா அம்புட்டுத் தூரம் ஒத்தையில அனுப்புறது?" நான் கூடவே கூட்டிப்போய் விடுகிறேன் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை போனபோது அவள் பருத்தி எடுக்கப் போயிருந்தாள்.

ஆறாம் வகுப்பு இருந்த பள்ளி மூன்று மைல். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த புதுக் கணக்கில், ஐந்து கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை.