பாம்பாற்று மடுவும் கூன்முதுகு மகசீரும்

சின்னாறு சரணாலயக் காட்டில் ஜூன், ஜூலையில் ஒரு வேடிக்கை. மழைமறைவுப் பகுதி என்பதால் கள்ளியும் முள்ளும் காய்ந்து கிடக்கும், பாம்பாறு மட்டும் கலங்கி ஓடும். மழை அங்கே பெய்வதில்லை, மேலே ஆனைமுடிப் பக்கம் பெய்கிறது. கேரளத்தில் கிழக்கே பாயும் மூன்று ஆறுகளில் இது ஒன்று, மற்றவை கபினியும் பவானியும். மறையூர் தாண்டி, தூவானம் அருவியாய் விழுந்து, கூட்டாறு என்ற இடத்தில் சின்னாற்றோடு சேர்ந்து அமராவதியாகிக் காவிரிக்குப் போகிறது.

காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் பெரிய கெண்டை வகை மீனான கூன்முதுகு மகசீருக்கு முறையான பெயர் கிடைத்தது இந்த ஆற்று மீன்களை வைத்துத்தான்: டோர் ரெமாதேவியை. விலங்கியல் ஆய்வாளர் ரெமாதேவியின் பெயர். காவிரியின் துணையாறான கபினியில் 1946-இல் தூண்டிலில் சிக்கிய மகசீர் 54 கிலோ. தூண்டில்காரர்கள் இதைக் கொண்டாடினார்கள், ஆனால் அறிவியலில் இதற்குத் தெளிவான பெயர் அப்போது இல்லை. பாம்பாற்றில் விவரிக்கப்பட்டவை சிறிய மீன்கள். கூன் பெரிய மீனில்தான் எடுப்பாகத் தெரியும், ஆகவே இரண்டும் ஒன்றே என்று உறுதியாக 2018 ஆகிவிட்டது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐயுசிஎன்) அதை மிக அருகிய இனம் என்று பட்டியலிட்டது.

வால் ஆரஞ்சுச் சிவப்பாக இருந்தால் இதுவாக இருக்கலாம், துடுப்புகள் நீலச் சாயலாக இருந்தால் பெரும்பாலும் டோர் குத்ரீ என்ற வேறொரு மகசீர். மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்த குத்ரீ குஞ்சுகளைப் பல ஆண்டுகள் காவிரியில் விட்டார்கள். மகசீரைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணத்தில் செய்த வேலை அது. வந்த மீன் பெருகியது, சொந்த மீன் ஒதுங்கியது. 'மகசீர் குஞ்சு விடலாமா' என்று யாராவது கேட்டால், எந்த மகசீர் என்பதுதான் முதல் கேள்வி.

வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள் மூன்று வரிசைப் பற்கள் உண்டு, நண்டு, நத்தை ஓடெல்லாம் அங்கேதான் நொறுங்கும். கரையோர மரங்களின் பழங்களையும் விடாது. கரை மரத்தை வெட்டினால் நிழலோடு இரையும் போகிறது.

பலவீனம் இனப்பெருக்கத்தில். ரோகு கிலோவுக்கு லட்சக்கணக்கில் முட்டையிடும், மகசீர் வகைகள் சில ஆயிரம்தான். முட்டை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், மிதக்காது, சரளைக்கல் இடுக்கில் இறங்கிவிடும். மூன்று நான்கு நாளில் பொரிந்தாலும் குஞ்சு உடனே நீந்தாது. மஞ்சள்கரு தீரும்வரை வெளிச்சத்துக்குப் பயந்து கல்லிடுக்கில் தலையைச் செருகிக் கிடக்கும். சரிவில் மண்ணைக் கிளறிய பின் முதல் மழைக்கு வரும் வண்டல் அந்த இடுக்கை அடைத்தால், பிராணவாயு கிடைக்காமல் அத்தனையும் போச்சு. ஆற்றில் சரளை அள்ளுவது தொட்டிலையே அள்ளுவதற்குச் சமம்.

கோடையில் ஓட்டம் நூலாகிவிடும்போது பெரிய மீன்களுக்கு மடுதான் கதி. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் பாம்பாற்றுப் படுகையில் கேரளத்துக்கு 3 டிஎம்சி ஒதுக்கியது. அதை எப்படி எடுத்தாலும், மார்ச், ஏப்ரலில் மடுவுக்கு மடு தொடர்பு அறாமல் கொஞ்சம் நீர் ஓட வேண்டும். ஒரு மடுவில் வெடித்தோட்டா போட்டாலோ பிளீச்சிங் பவுடர் கொட்டினாலோ, ஒதுங்கியிருந்த முழுக் கூட்டமும் ஒரே மதியத்தில் முடிந்தது. கேரளத்தின் 2010 உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி இரண்டும் குற்றம். சரணாலயத்துக்குள் தூண்டிலே கூடாது.

கீழே அமராவதி அணையில் ஜிலேபிக் கெண்டைதான் ராஜா. அங்கே ஓட்டமும் இல்லை, சரளையும் இல்லை, மகசீர் முட்டையிட இடமேது?

சரணாலயத்துக்கு வெளியே எங்காவது தூண்டிலிலோ வலையிலோ மகசீர் சிக்கினால், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். செவுளில் விரல் நுழைக்க வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். முள் ஆழமாக இறங்கியிருந்தால் இழுக்காமல் தூண்டில் நரம்பைக் கிட்டத்தில் வெட்டிவிடுங்கள். தலை நீரோட்டத்தை எதிர்க்கும்படி வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தால், அதுவே உதறிக்கொண்டு போகும்வரை காத்திருக்கலாம். படம் வேண்டுமென்றால் பக்கவாட்டில் ஒன்று போதும், வால் நிறமும் முதுகு வளைவும் விழும்படி.