அறுபத்தொன்றாவது பெயர்

ஜூன் 27

பதிவேட்டில் 63 பிள்ளைகள். எமிஸிலும், அதாவது கல்வித்துறையின் கணினிப் பதிவிலும், 63. இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 30

மூன்றாம் வகுப்பு க. இன்றும் 'கொடி'யைக் 'கெரடி' என்றுதான் படித்தாள். கொம்பைப் பார்த்ததும் 'கெ' வந்துவிடுகிறது. பின்னால் நிற்கும் துணைக்கால் அவளுக்கு 'ர'. கண்ணில் பட்டதை வரிசையாகச் சொல்கிறாள், அவ்வளவுதான். உயிர்மெய் வரிசையை ஒப்பிக்கச் சொன்னால் கடகடவென்று முடித்துவிடுவாள், அது வேறு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையாகப் பிரித்திருக்கிறோம். இவளை அரும்பிலிருந்து மொட்டுக்கு ஏற்றலாமே என்றார் பார்வையிட வந்த பயிற்றுநர். ஏற்றவில்லை.

ஜூலை 2

இரண்டு டி.சி. அண்ணன் நான்காம் வகுப்பு, தங்கை இரண்டாம் வகுப்பு. வேன் வாசலுக்கே வருகிறதாம். அப்பா தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "உங்க மேல ஒண்ணும் குறை இல்ல டீச்சர். அஞ்சு வகுப்புக்கு மூணு பேருன்னா எப்படிப் பாப்பீங்க?" கேள்வி நியாயமானது. எச்.எம். சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெகுநேரம் பேனாவை மூடவில்லை.

61.

ஜூலை 3

60 பிள்ளைகள் வரை ஆசிரியர் இருவர். 61 முதல் 90 வரை மூவர். கல்வி உரிமைச் சட்டம் 2009, அட்டவணை, முதல் பக்கம். ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பேரோ அதுதான் கணக்கு. ஓர் ஆசிரியர் அதிகம் என்றானால் போக வேண்டியவர் பணியில் இளையவர். இங்கே இளையவள் நான்.

ஜூலை 6

ஞாயிறு. துணி ஊறிக்கொண்டிருக்கிறது, நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்தால் அந்த 800-ம் பிள்ளைக்குப் போய்ச் சேரும். ஐந்து வகுப்புக்கு மூன்று பேர் என்றால், சமமாகப் பங்கிட்டாலும், ஒரு வகுப்புக்கு ஆசிரியரின் முகம் கிடைப்பது 480 மணி நேரம். இரண்டு பேர் என்றால் 320. அதிலும் எச்.எம். சார் கூட்டத்துக்கும், பதிவேற்றத்துக்கும், வட்டார அலுவலகத்துக்கும் போகிற நேரத்தைக் கழிக்க வேண்டும். அவர் இல்லாத நாளில் அறுபது பிள்ளைக்கு ஒரே ஆள்.

'தலைக்கு 30 பேர்' என்று தாளில் போட்டால் 60-க்கு 2 அழகாகத்தான் இருக்கிறது. விகிதம் பிள்ளைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணுவதில்லை. பெரிய பள்ளியில் ஓர் ஆசிரியரிடம் முப்பது பேர் என்றால் பெரும்பாலும் ஒரே வகுப்பு, ஒரே பாடம். எங்களிடம் அந்த முப்பதில் இரண்டு மூன்று வகுப்பு இருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் அரும்பு, மொட்டு, மலர் இருக்கும்.

நான் போய்விட்டால் அடுத்த ஆள் க.வை எங்கிருந்து ஆரம்பிப்பார்? 'கெரடி' யாருடைய பதிவேட்டிலும் இல்லை.

ஜூலை 8

ஷாலா சித்தி படிவம். பள்ளி தன்னைத் தானே மதிப்பிட வேண்டும். 7 களங்கள், 46 தரநிலைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு நிலை. திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். ஆனால் படிவத்தைச் செய்தவர்கள் விவரமானவர்கள். முதல் களத்தில், ஒரு வசதி இருக்கிறதா, போதுமா என்று ஒரு கேள்வி. அது எந்தத் தரத்தில் இருக்கிறது, பயன்படுகிறதா என்று தனியாக இன்னொரு கேள்வி. நாங்கள்தான் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுப் பழகிவிட்டோம்.

இந்த முறை பிரித்துப் போட்டேன். கழிவறை இருக்கிறது, மோட்டார் ஓடுகிற நாளில் பயன்படுகிறது. நூலகம் இருக்கிறது, பீரோ பூட்டியிருக்கிறது, புத்தகம் கிழிந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில். இதை எச்.எம். சாரிடமே சொன்னேன். "எழுதும்மா, எழுது" என்றார். கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. கையடக்கக் கணினி இருக்கிறது. பிள்ளைகளைவிட அது எங்களைத்தான் வேலை வாங்குகிறது.

மானியம், எங்களைப் போல முப்பதைத் தாண்டி, நூறைத் தாண்டாத பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்று விதி. பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. மீதியில் சுண்ணாம்பு, மின்பழுது, அச்சுத்தாள், மோட்டார். மோட்டார் என்று எழுதினாலே மீதி காலி.

ஜூலை 9

பீரோவின் சாவி என் மேசையில் இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூலை 14

கூட்டம். பிப்ரவரியில் நடந்த அடைவுத் தேர்வின் முடிவைத் திரையில் போட்டார்கள். மேலே பச்சை, கீழே சிவப்பு. நாங்கள் சிவப்பு.

எங்கள் ஐந்தாம் வகுப்பில் அன்றைக்கு எழுதியவர்கள் எட்டுப் பேர். ஒரு பிள்ளை என்பது பன்னிரண்டரை சதவீதம். காய்ச்சலில் படுத்திருந்த ஒருத்தி வந்து எழுதியிருந்தால் நிறமே மாறியிருக்கும். அதற்கு முந்தைய தேர்வில் இதே பள்ளி, இதே ஆசிரியர்கள், பச்சையில் இருந்தோம். மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கும் இதே அளவுதான் அர்த்தம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது, சொல்ல யாருக்கு மனசு வரும்?

பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். உச்சியில் இருப்பவையும் சின்னப் பள்ளிகள், அடியில் இருப்பவையும் சின்னப் பள்ளிகள். முந்நூறு நானூறு பேர் படிக்கும் பள்ளிகள் நடுவில் கூட்டமாக நிற்கின்றன. எட்டுப் பேரின் சராசரி அப்படித்தான் மேலும் கீழும் குதிக்கும். பள்ளி நன்றாக நடக்கிறதா என்பதை ஒரு வருடத்துச் சதவீதத்தில் தேடக் கூடாது. மூன்று நான்கு வருடத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கலாம். இல்லையென்றால் சதவீதத்தை விட்டுவிட்டு, ஜூனில் எங்கே நின்ற பிள்ளை ஏப்ரலில் எங்கே நிற்கிறது என்று பெயர் பெயராகப் பார்க்கலாம். அறுபது பெயர்தானே? பெரிய பள்ளியால் செய்ய முடியாததை நாங்கள் செய்ய முடியும் என்றால் அது இது ஒன்றுதான்.

எழுந்து சொன்னேன். "குறிச்சுக்கிட்டோம் டீச்சர்" என்றார்கள். குறித்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 15

கல்வி வளர்ச்சி நாள். காமராசர் ஊர் ஊராகப் பள்ளி திறந்த கதையை ஐந்தாம் வகுப்புப் பையன் மூச்சு விடாமல் சொன்னான். "பள்ளி இல்லாத ஊரே இருக்கக் கூடாது" என்று அவன் கையை உயர்த்தியபோது எச்.எம். சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூலை 18

நான்காம் வகுப்பிலிருந்து ஒருத்தி மாமா ஊருக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு வேலை அங்கே கிடைத்துவிட்டதாம். டி.சி. வாங்க வந்த பாட்டி, "இவ நல்லாப் படிப்பா டீச்சர், அங்க சொல்லி விடுங்க" என்றார். ஆமாம், நன்றாகப் படிப்பாள். பட்டியலில் எங்களை மேலே இழுத்திருக்கக்கூடிய பெயர்களில் ஒன்று அவளுடையது. போகிறவர்களில் பாதி அப்படிப்பட்ட பிள்ளைகள். மிச்சம் இருப்பவர்களை வைத்துப் பள்ளியை எடைபோடும்போது போனவர்களை யாரும் தராசில் வைப்பதில்லை.

60.

ஜூலை 19

தலைவலி.

ஜூலை 21

அங்கன்வாடிப் பட்டியலை மறுபடியும் பார்த்தோம். முதல் வகுப்பில் சேர ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு ஆகஸ்ட் 4. நான்கு நாள்! எச்.எம். சார் தேதியை விரலால் தடவிப் பார்த்தார், மை கலையுமா என்பது போல. பிறகு, "வேணாம்மா, இல்லாததை எழுத வேணாம்" என்றார். நான் கேட்கவே இல்லை.

ஜூலை 23

க. 'கொக்கு' என்று படித்தாள். சந்தேகப்பட்டு 'தொட்டி' காட்டினேன். 'தெரட்டி'. ஆக, 'கொக்கு' படத்தைப் பார்த்துச் சொன்னது. பக்கத்தில் படம் இல்லாத அட்டைகள் செய்ய வேண்டும்.

ஜூலை 25

மேலாண்மைக் குழுக் கூட்டம். வழக்கமான தீர்மானங்கள். கடைசியில் ஓர் அம்மா எழுந்து, "போன வருசம் என் பொண்ணு பஸ்ஸு போர்டைப் படிச்சா. அது உங்க ஃபாரத்துல எந்த இடத்துல வரும்?" என்று கேட்டார். பயிற்றுநர் சிரித்துவிட்டார். நான் படிவத்தை எடுத்து உண்மையாகவே தேடினேன்.

அந்த அம்மாவே இன்னொன்றும் சொன்னார். செங்கல் சூளைக்குப் போன குடும்பம் திரும்பி வந்துவிட்டதாம். இரண்டு பிள்ளைகள்!

ஜூலை 26

சனிக்கிழமைதான். போய்ப் பார்த்தேன். அண்ணனுக்கு நான்காம் வகுப்பு வயது, தம்பிக்கு இரண்டாம் வகுப்பு வயது. சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல காரியம், யாரோ ஓர் ஆசிரியர் சூளைக்குள் போய்க் கூட்டி வந்திருக்கிறார். தம்பி என் கைப்பையைத் திறந்து அட்டைகளை வெளியே எடுத்துப் போட்டான். 'தொ' அட்டையைத் தலைகீழாகப் பிடித்து ஆராய்ந்தான். நாளை மறுநாள் பள்ளிக்கு வருவார்கள்.

62 என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதப் போவதில்லை.

ஜூலை 28

இருவரும் வந்து உட்கார்ந்தாயிற்று. சாப்பிட்டாயிற்று, அடித்துக்கொண்டாயிற்று. எமிஸில் இல்லை. அந்தப் பள்ளி அவர்களைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் நாங்கள் சேர்க்க முடியும். அதுவரை வகுப்பறையில் இருக்கும் பிள்ளை கணினியில் வேறு மாவட்டத்தில் படிக்கிறது.

ஜூலை 29

அந்தத் தலைமையாசிரியரின் எண் கிடைத்தது. மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். குரலில் களைப்பு. "விடுவிச்சா எனக்கு 59 ஆயிடும் டீச்சர்" என்றார்.

அவருக்கும் அதே அட்டவணை, அதே தேதி. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பள்ளிகள் காத்துக் கிடக்கின்றன. நான் என்ன சொல்ல? "பிள்ளைங்க இங்க இருக்காங்க சார்" என்று மட்டும் சொன்னேன். "தெரியும்மா" என்றார்.

ஜூலை 30

தம்பி துணைக்காலைத் துணைக்கால் என்றே சொல்கிறான். அந்தப் பள்ளியில் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். க.வைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

ஜூலை 31

மதியம் வரை விடுவிக்கவில்லை. மூன்று மணிக்கு மேல் தளமே திறக்கவில்லை. எச்.எம். சார் இரவு பன்னிரண்டு வரை முயற்சி செய்யச் சொல்லியிருக்கிறார், நான் வீட்டில், அவர் வீட்டில். இப்போது மணி 10.40. வட்டம் சுற்றிக்கொண்டே