ஹிமாலயனுக்கு டர்போ வேண்டுமா? ஏற்காடு ரோட்டை வைத்துப் போட்ட கணக்கு

சங்ககிரி பக்கம் லாரி டர்போக்களைப் பிரித்துச் சரிசெய்யும் பட்டறை ஒன்றில், 1.3 லிட்டர் டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போ சும்மா கிடந்தது. டர்போ என்றால், இன்ஜின் வெளியே தள்ளும் புகையால் சுழன்று, கூடுதல் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் கருவி. ஒரு கையில் அடங்கும் அளவு. ஷாஃப்ட்டில் ஆட்டம் இல்லை, விலையும் கட்டுப்படியாகும். என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கில் இதை மாட்டினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. பட்டறைக்காரரிடம் கேட்டேன். "மாட்டலாம் தம்பி. ஆனா இதைச் சுத்த வைக்கிற அளவுக்குப் புகை உன் வண்டியில வருதான்னு முதல்ல பாரு" என்றார். வாங்காமல் வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

முதலில், டர்போ எதற்கு என்று தெளிவாக வேண்டும். நெடுஞ்சாலை வேகம் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள்தான் என் கவலை. பின்னால் ஆளும் பையும் இருந்தால், மேல் வளைவுகளில் இரண்டாவது கியரில் வண்டி திணறும். முதல் கியருக்கு இறக்கினால் கத்தும். மேலே போகப் போக இது கூடும். காரணம் காற்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டருக்குள், ஏற்காடு 1,500 மீட்டர். சேலத்தில் 980 மில்லிபார் காட்டும் போன், ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் 850-ஐ ஒட்டிக் காட்டுகிறது. அழுத்தத்தில் 13 சதவீதம் குறைவு. ஆனால் மேலே 10 டிகிரி குளிர்ச்சியும் இருப்பதால் காற்று கொஞ்சம் அடர்த்தி பிடிக்கிறது. நிகர இழப்பு 10 சதவீதத்துக்குப் பக்கம். 24 குதிரைத்திறனில் இரண்டரை போகிறது. கிட்டத்தட்ட 200 கிலோ வண்டிக்கு அது தெரியத்தான் செய்யும்.

உயரத்தில் போகும் சக்தியை மீட்பது டர்போவின் பழைய வேலைதான். 1918-இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் லிபர்ட்டி விமான இன்ஜினை 14,000 அடிக்கு மேல் உள்ள பைக்ஸ் பீக் மலைக்கு ஏற்றிச் சோதித்தார். தரையில் 350 குதிரைத்திறன் தந்தது அங்கே 230-க்கு இறங்கியது. டர்போ மாட்டியதும் 356 வந்தது. படிக்கும்போது ஆசை கூடியது, சந்தேகமில்லை. ஆனால் அது முழு வேகத்தில் ஒரே சீராக ஓடும் 12 சிலிண்டர் இன்ஜின். வளைவுக்கு வளைவு திராட்டிலை மூடித் திறக்கும் ஒற்றை சிலிண்டர் கதை வேறு.

இனி காற்றுக் கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. அந்த டர்போ இருந்த டீசல் இன்ஜின் 1,248 சிசி. டர்போ பிடிக்கத் தொடங்குவது 2,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வாக்கில். அப்போது நிமிடத்துக்கு 1,248 லிட்டர் காற்று போகிறது. என் 411 சிசி அவ்வளவு காற்றை இழுக்க 6,070 ஆர்பிஎம் ஓட வேண்டும்! இந்த வண்டியின் உச்ச சக்தியே 6,500-இல்தான். பெட்ரோல் புகை டீசல் புகையைவிடச் சூடு, அதனால் கொஞ்சம் முன்னாடியே பிடிக்கும். தாராளமாக 1,000 சுற்று கழித்துக்கொண்டாலும் 5,000. நான் கொண்டை ஊசியிலிருந்து வெளியே வருவது 2,500-க்கும் 3,500-க்கும் நடுவில். அதாவது எனக்கு வேண்டிய இடத்தில் டர்போ வெறுமனே புகைக் குழாயை அடைத்துக்கொண்டு நிற்கும். 60 அடி பாலம் பக்கம் கிடைக்கும் சின்ன நேர் ரோட்டில் திடீரென்று விழித்துக்கொள்ளும், அதற்குள் அடுத்த வளைவு.

இதே கணக்கை ராயல் என்ஃபீல்டின் 648 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜினுக்குப் போட்டால் 3,850 ஆர்பிஎம் வருகிறது. அது பரவாயில்லை. ஒற்றை சிலிண்டரில் இன்னொரு சிக்கல், புகை தொடர்ச்சியாக வராமல் இரண்டு சுற்றுக்கு ஒரு உதை என்று விட்டுவிட்டு வருவது. உறிஞ்சுவதும் அப்படியே. டர்போவுக்கும் திராட்டிலுக்கும் நடுவே காற்றைத் தேக்கி வைக்க ஒரு டப்பா வேண்டும், அதை வைக்க ஹிமாலயனில் இடம் தேட வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி நான்கும் டர்போ பைக் விற்றன. ஹோண்டா சிஎக்ஸ்500 இரட்டை சிலிண்டர், மற்றவை நான்கு சிலிண்டர். ஒன்றுகூட ஒற்றை இல்லை. சில வருடங்களில் எல்லாமே நின்றுபோயின. 2015-இல் கவாசாகி எச்2 வந்தபோது இன்ஜினின் கிராங்க் தண்டிலிருந்தே சுற்றிக் காற்றை அழுத்தும் சூப்பர்சார்ஜரைத்தான் வைத்தார்கள், புகைக்குக் காத்திருக்கும் வேலையே இல்லை.

சூடு தனி அத்தியாயம். ஏப்ரலில் சேலத்தில் 38 டிகிரி காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், சின்ன டர்போவின் திறனுக்கு அது 100 டிகிரியைத் தொட்டு வெளியே வரும். சூடான காற்று விரிந்துவிடுவதால் 50 சதவீத அழுத்தத்துக்கு 24 சதவீதம் காற்றுதான் கூடுதலாகக் கிடைக்கும். மீதியை மீட்க, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வேண்டும். அதற்கு எதிர்க்காற்று வேண்டும். வளைவில் வண்டி போவது 20 கிலோமீட்டர் வேகத்தில். இன்ஜினின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 9.5, அதுவும் காற்றில் குளிரும் இன்ஜின். நாக்கிங், அதாவது சூட்டில் கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது, வராமல் இருக்க கம்ப்ரஷனைக் குறைத்தால், டர்போ பிடிக்காத 3,000 ஆர்பிஎம்மில் இப்போது இருக்கும் இழுவையும் போய்விடும். எனக்கு முடிவு தெரிந்தது இந்த இடத்தில்தான்.

ஆயில் விஷயம் பட்டறைக்காரர் சொன்னது: டர்போவிலிருந்து ஆயில் தானாக வடிந்து இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு வர வேண்டும், அதனால் டர்போ உயரத்தில் இருக்க வேண்டும். பைக்கில் புகைக் குழாய் கீழே வளைந்து போகிற இடத்தில் மாட்டினால் ஆயிலை இழுக்கத் தனி பம்ப். அப்புறம் ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், அழுத்த சென்சார் எல்லாம் மாற வேண்டும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

சரி, கடைசியில் என்ன செய்தேன்? செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில், முன்னால் இருந்த 15 பல் சக்கரத்தை எடுத்துவிட்டு 14 பல் போட்டேன். பின்னால் அதே 38. சக்கரத்துக்குப் போகும் இழுவை எல்லா கியரிலும் 7 சதவீதம் கூடும். சக்தி கூடவில்லை, ஆனால் உயரத்தில் இழக்கும் 10-இல் 7 கையில் வந்துவிட்டது, அதுவும் 2,500 ஆர்பிஎம்மிலேயே. இப்போது மேல் வளைவுகளில் ஆளை வைத்துக்கொண்டும் இரண்டாவது கியரிலேயே வெளியே வர முடிகிறது. கிளட்சை நசுக்க வேண்டியதில்லை. மூன்றாவதுக்கு மாற்றும் இடம்தான் கொஞ்சம் முன்னாடியே வருகிறது, கை பழகிவிட்டது.

நெடுஞ்சாலையில் இதற்கு விலை கொடுக்க வேண்டும். பெங்களூரு ரோட்டில் 90-ஐத் தாண்டினால் கைப்பிடியில் அதிர்வு முன்னைவிட அதிகம், மைலேஜும் லேசாக இறங்கியிருக்கிறது. சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் இன்னும் இறுக்கமாக வளைவதால் தேய்மானம் கூடும். தொய்வை அடிக்கடி பார்க்கிறேன். 15 பல்லைத் துடைத்து ஆயில் தடவி வைத்திருக்கிறேன், நீண்ட பயணம் வந்தால் மாற்றிக்கொள்ள. முன் ஸ்ப்ராக்கெட் என்பதால் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.