ஜன்னல் மாற்றப் போய்…

லாட்ஜ் வாங்கியிருக்கிறோம் என்றதும் அம்மா, "யாரு ரூம் எடுக்க வருவா?" என்று கேட்டார். இது அந்த லாட்ஜ் இல்லை. இங்கிலாந்தில் பெரிய எஸ்டேட் மாளிகைகளின் நுழைவாயிலில், கேட் காப்பவர் குடியிருக்கக் கட்டிய சின்ன வீடு. எங்களுடையது எட்டுப்பட்டை வீடு, 19-ஆம் நூற்றாண்டு, பாதுகாக்க வேண்டிய பழங்கட்டிடங்களின் அரசுப் பட்டியலில் கிரேடு 2 என்ற பிரிவில் உள்ளது.

முதல் குளிர்காலத்திலேயே பல் தந்தியடித்தது. குளிர் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல், அதாவது டபுள் கிளேசிங், போட ஆள் கூப்பிட்டோம். வந்தவர் டேப்பைக்கூட விரிக்கவில்லை. "கவுன்சில் அனுமதி இருக்கா?" என்றார். 1990-ஆம் வருடச் சட்டப்படி, பட்டியலில் உள்ள கட்டிடத்தின் தன்மை மாறும்படி அனுமதியின்றிக் கைவைத்தால் கிரிமினல் குற்றமாம்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஜன்னலின் குறுக்குவெட்டுப் படம் வேண்டும், வீட்டின் சிறப்பு என்ன, நம் வேலையால் அதற்கு என்ன ஆகும் என்று ஓர் அறிக்கையும் வேண்டும். "பழைய ஜன்னல், குளிர் தாங்கவில்லை" என்கிற அளவில் எழுதி அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது.

விவரமாக எழுதி மறுபடி அனுப்பினேன். முடிவு சொல்ல எட்டு வாரம் என்றார்கள், பதினொன்று ஆனது. நடுவில் பழங்கட்டிடங்களுக்கான அதிகாரி வந்தார். நேராக முன்னறைக்குப் போய், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மூன்று பக்க ஜன்னலைக் காட்டி, "இங்கே உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்தேன். இடப்பக்கம் ஊர்ச்சாலை, வலப்பக்கம் மாளிகைக்குப் போகும் பாதை, நேரே கேட் இருந்த இடம். குதிரைவண்டி எந்தப் பக்கம் வந்தாலும் காவலருக்குத் தெரிய வேண்டும், அதற்கான ஜன்னல்! இத்தனை நாளாக அதில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். செதுக்கிய கூரைப்பலகை, ஓங்கிய புகைபோக்கி எல்லாம் வருகிற விருந்தாளி கண்ணுக்கு. காவலர் குடும்பத்துக்கு உள்ளே இரண்டே அறை.

டபுள் கிளேசிங்குக்கு ஜன்னல் சட்டம் தடிமனாக வேண்டும், விரல் பருமனே உள்ள இந்தப் பழைய சட்டங்கள் போய்விடும் என்று மறுத்துவிட்டார்கள். பழையதைத் தொடாமல் உள்பக்கம் தனியாக ஒரு கண்ணாடி வைக்கச் சம்மதம் கிடைத்தது. அப்புறம், கேட்காமலே ஒரு லாபம்: அடுப்படிச் சுவரின் ஓதத்துக்குக் காரணம், யாரோ செங்கல் இடுக்கில் பூசிவைத்த சிமெண்ட்தான் என்று அந்த அதிகாரி காட்டினார். ஈரம் வெளியேற வழியில்லை. அதைச் சுரண்டியெடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம்.

காபியோடு இப்போது அங்கேதான் உட்காருகிறேன். பழைய கண்ணாடியில் சாலை கொஞ்சம் நெளியும். பார்சல் வேன் திரும்பும்போதே எழுந்து கதவுக்குப் போய்விடுகிறேன்.